அஃபீஃபாவின் நிபந்தனைகள்

காயல்பட்டினம்
14 ஜனவரி 2023

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளை ரிஃப்காவும் என் உம்மாவும் சுகம். போன வாரம் போனில் கேட்ட இருமல் உங்களுக்கு நின்றிருக்கும் என்று நம்புகிறேன். நிற்காவிட்டாலும் நின்றதாகத்தான் எழுதுவீர்கள்.

வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டதற்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. ரிஃப்கா என் மடியில் இருந்தாள். உங்கள் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நான் பாதி எழுதும்போதே நீங்கள் பதில் போட ஆரம்பித்துவிடுவீர்கள். அப்துல் காதர் மாமா புதன்கிழமை சவூதிக்கு, உங்கள் தமாமுக்குத்தான் திரும்புகிறார். மாசிக் கருவாட்டுச் சம்பல் பாட்டிலோடு இதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். முழுவதும் படித்துவிட்டு மெதுவாகப் பதில் எழுதுங்கள்.

நீங்கள் கேட்டது இதுதான்: "ஆறு வருசம் ஆச்சே, இன்னும் அந்த மாத்திரை எதுக்கு? நிறுத்திட்டா ரெண்டாவது பிள்ளையப் பத்தி யோசிக்கலாம்லா."

அந்த மாத்திரையின் பெயர் லித்தியம். இத்தனை வருடத்தில் நீங்கள் ஒரு தடவைகூட அதன் பெயரைச் சொன்னதில்லை. உங்கள் உம்மாவிடம் தைராய்டு மாத்திரை என்று சொல்லிவைத்திருக்கிறோம். அது முழுப் பொய்யும் இல்லை. லித்தியம் சாப்பிட்டதில் தைராய்டு குறைந்து, அதற்கும் ஒரு மாத்திரை சேர்ந்துகொண்டது.

அது எனக்கு இன்னும் என்ன செய்திருக்கிறது என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கை நடுங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது போர்டில் பூமியை வரைந்தால் உருளைக்கிழங்கு மாதிரி வருகிறது. பிள்ளைகள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம். பதினோரு கிலோ கூடியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து, மருந்து அளவாக இருக்கிறதா, கிட்னி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பதிலாக எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? தூங்குகிறேன். எழுந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகிறேன். ரிஃப்காவின் மேல் கோபம் வந்தால் அது வெறும் கோபம்தான். இந்த ஆறு வருடத்தில் எனக்கு வந்த கெட்ட நாட்கள் எல்லாருக்கும் வருகிற கெட்ட நாட்கள்.

இரண்டாவது பிள்ளை எனக்கும் வேண்டும், மச்சான். உங்களைவிட அதிகமாகவே. அதனால்தான் சட்டென்று சரி என்று சொல்ல முடியவில்லை.

துஆவுடன்,
அஃபீஃபா


தமாம்
3 பிப்ரவரி 2023

அன்பு அஃபீஃபா,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதமும் சம்பலும் வந்து சேர்ந்தன. சம்பல் இரண்டு நாளில் காலி. கடிதத்தைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன்.

எழுதிப் பழக்கமில்லை, தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள். இங்கே துறைமுக யார்டில் கிரேன் பழுதானால் எந்த இடத்தில் பழுது என்று என்னால் சொல்ல முடியும். உன் விஷயத்தில் எனக்கு எதுவும் தெரியாது. தெரியாததால் பயம். பயத்தால்தான் பெயரைச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

உம்மா போன் செய்யும்போதெல்லாம் இரண்டாவது பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் போனில் தேடிப் பார்த்தேன். அந்த மாத்திரை சாப்பிட்டால் பிள்ளைக்கு இதயத்தில் கோளாறு வரும் என்று போட்டிருக்கிறது. என்னோடு வேலை பார்க்கிற விளாத்திகுளத்து ராமர் அண்ணாச்சியிடம், யாரைப் பற்றி என்று சொல்லாமல் கேட்டேன். அவர் தங்கச்சி இந்த மாதிரி ஏதோ மாத்திரையை நிறுத்திவிட்டு நன்றாக இருக்கிறாளாம். "மனசத் தைரியமா வச்சிக்கிட்டாப் போதும், மாத்திரையெல்லாம் ஒரு பழக்கம்தான் தம்பி" என்றார்.

நீ தைரியசாலி. அதனால் உன்னால் முடியும் என்று தோன்றியது. அவ்வளவுதான். யோசித்துச் சொல். இருமல் நின்றுவிட்டது.

அனஸ்


காயல்பட்டினம்
27 பிப்ரவரி 2023

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ராமர் அண்ணாச்சியின் தங்கச்சி நன்றாக இருக்கட்டும். அவள் எந்த மாத்திரையை, எதற்காகச் சாப்பிட்டாள் என்று நமக்குத் தெரியாது. என்னுடையது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை, கூடப் பிறந்த மூத்தவள் என்று ஜமீலா லாத்தாவைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடி போனேன். ஆத்தூர் தாண்டுகிற வரை லாத்தா பஸ் ஜன்னலில் சாய்ந்து தூங்கினாள். அப்புறம், "நீ தொடர்ந்து சாப்பிடுன்னு டாக்டர் சொல்லணுமா, நிறுத்துன்னு சொல்லணுமா, உனக்கு எது வேணும்?" என்று கேட்டாள்.

ஆறு வருடமாக என்னைப் பார்க்கிற மனநல டாக்டர் ஜெயபிரியா முக்கால் மணி நேரம் ஒதுக்கினார். நீங்கள் போனில் படித்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"நூறு பிள்ளை பிறந்தா ஒரு பிள்ளைக்கு எப்படியும் இதயத்துல ஏதாவது குறை இருக்கும். முதல் மூணு மாசம் லித்தியம் சாப்பிட்டா அது ரெண்டு ஆகலாம். டோஸ் கூடக்கூட ஆபத்தும் கூடும்" என்றார்.

"நிறுத்தினா?"

"அந்த ஆபத்து இல்ல. ஆனா உங்களுக்கு மனசு ரொம்ப ஏறி இறங்குற பைபோலார் நோய் இருக்கு, முதல் பிரசவத்துலயே நோய் வந்திருக்கு. மருந்தே இல்லாம இருந்தா பத்துல ஆறு, ஏழு பேருக்குத் திரும்ப வருது. மருந்தோட இருந்தா ரெண்டு, மூணு பேருக்கு. திடீர்னு நிறுத்துறது எல்லாத்தையும்விட மோசம்."

பிள்ளை உண்டாவதற்கு முன்னால் மெல்லக் குறைத்து நிறுத்தலாம், உண்டாகி மூன்று மாதம் கழித்துத் திரும்ப ஆரம்பிக்கலாம், அல்லது குறைந்த டோஸில் அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டு தொடரலாம் என்றார். வேறு மருந்துக்கும் மாறலாம், ஆனால் அது எனக்குப் பொருந்துமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"நீங்க என் எடத்துல இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுதித் தாரேம்மா. நீங்க எதைத் தாங்குவீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். இரண்டு பக்கம் எழுதித் தந்தார். நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

ரிஃப்கா பிறந்த பத்தொன்பதாம் நாள். நீங்கள் ஊருக்கு வருவதற்குப் பதினோரு நாள் முன்னால். ஐந்து நாளாக நான் தூங்கவில்லை, அலுப்பும் இல்லை. மதியம் லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொம்புத்துறைப் பக்கம் கடற்கரைக்குப் போனேன். கடலுக்கடியில் முத்துச் சிப்பி எல்லாம் அவளுக்காகத் திறந்து கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தோன்றியது என்று எழுதவில்லை, தெரிந்தது என்றுதான் எழுதுகிறேன். இந்தக் கடலில் முத்துக் குளிப்பு நின்று அறுபது வருடம் ஆகிறது என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான். இடுப்பளவுத் தண்ணீருக்குள் போய்விட்டேன்.

நமக்கு மீன் கொண்டுவருகிற விஜிலாக்கா கரையில் கூடை அலசிக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, ஓடிவரவில்லை. சேலையோடு தண்ணீருக்குள் நடந்து என் பக்கத்தில் வந்து, "ஏளா, பிள்ளைய எங்கிட்ட குடு. நான் பிடிச்சிக்கிடுதேன், நீ நல்லாக் குனிஞ்சி பாரு" என்றாள். நான் கொடுத்தேன். அவள்தான் எங்கள் இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

வாப்பாவும் உம்மாவும் லாத்தாவும் பேசி, உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். தூக்கமில்லாமல் உளறுகிறாள் என்றுதான் உங்களுக்குச் சொன்னார்கள். நானும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நான் தைரியசாலி என்று எழுதியிருந்தீர்கள். அன்றும் எனக்குத் தைரியம் நிறைய இருந்தது, மச்சான். துளிக்கூடப் பயமில்லாமல் போனேன்.

அஃபீஃபா


தமாம்
21 மார்ச் 2023

அஃபீஃபா,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

நான் உன்னிடம் கேட்டது என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. பிள்ளை வேண்டாம். ரிஃப்கா போதும். உம்மாவிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன், எனக்குத்தான் ஏதோ குறை என்று சொல்லிவிடுகிறேன். நீ மாத்திரையை ஒரு நாள்கூட விடாதே. இந்தப் பேச்சை இனி எடுக்க மாட்டேன். முடிவு செய்துவிட்டேன்.

விஜிலாக்காவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.

அனஸ்


காயல்பட்டினம்
10 ஏப்ரல் 2023

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே நான் இந்த வருடமும் பிடிக்கவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எல்லாரோடும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். பிடிக்காத ஒவ்வொரு நோன்புக்கும் பதிலாக ஒரு ஏழைக்குச் சாப்பாடு போய்விடுகிறது. ரிஃப்கா முதல் நோன்பு பிடித்தாள், பதினொரு மணி வரை.

உங்கள் கடிதம் படித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. ஜனவரியில் நிறுத்து என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். மார்ச்சில் பிள்ளை வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்தீர்கள். இரண்டிலும் அன்பு இருக்கிறது, எனக்குத் தெரியும். இரண்டிலும் நான் இல்லை.

இரண்டு மாதமாக யோசித்து நான் எடுத்த முடிவு இது. பிள்ளை பெறுவோம். லித்தியத்தை நிறுத்தப் போவதில்லை. டோஸைக் குறைத்து, காலை மாலை என்று பிரித்துச் சாப்பிடுவேன். மாதாமாதம் ரத்தம், கடைசி மாதம் வாரா வாரம். இருபது வாரம் தாண்டியதும் பிள்ளையின் இதயத்தை ஸ்கேன் செய்வார்கள். அதில் கோளாறு தெரிந்தால் நீங்களும் நானும் சேர்ந்து தாங்கிக்கொள்வோம். டாக்டர் சொன்ன நூற்றில் இரண்டு பிள்ளைகளில் ஒன்று நம்முடையதாக இருக்கலாம் என்று கண்ணைத் திறந்துகொண்டுதான் சொல்கிறேன். ராவெல்லாம் விழித்து யோசிக்கவும் இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்து யோசித்தேன்.

எனக்கு நிபந்தனைகள் உண்டு. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் நீங்கள் வந்துவிட வேண்டும், பிறந்து மூன்று மாதமாவது இருக்க வேண்டும். நான் தாய்ப்பால் கொடுக்க மாட்டேன். பாலில் மருந்து போகும். அதைவிட, ராத்திரி என் தூக்கம் கெடக்கூடாது. தாயா இவள் என்று யார் பேசினாலும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நான் தூங்கும்போது எதற்கும் எழுப்பக்கூடாது. கடைசியாக, மாமியிடம் உங்களுக்குக் குறை என்று பொய் சொல்ல வேண்டாம். லித்தியம் என்று பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். போனில் இல்லை, நேரில்.

இதற்குச் சம்மதம் என்றால் ஆகஸ்டில் லீவு போட்டு வாருங்கள். சம்மதமில்லை என்றாலும் வாருங்கள், ரிஃப்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

துஆவுடன்,
அஃபீஃபா


தமாம்
19 செப்டம்பர் 2023

அன்பு அஃபீஃபா,

வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. நேற்று போனில் நீ சொன்ன சேதியிலிருந்து யார்டில் எல்லாரும் என்னைப் பார்த்து, ஏன் தனியாகச் சிரிக்கிறாய் என்று கேட்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

லீவில் அன்று உம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்து "சொல்லியாச்சு" என்று மட்டும் சொன்னேன். நீயும் கேட்கவில்லை. நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

உம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கடற்கரை உட்பட. லித்தியம் என்றும் சொன்னேன். உம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அப்புறம் கேட்டார்கள்: "அவ கிறுக்கின்னு எங்கிட்ட மறைச்சியா, நான் அவளைக் கிறுக்கின்னு சொல்லிருவேன்னு மறைச்சியா?"

"ரெண்டாவதுதான் உம்மா" என்றேன்.

உம்மா ஒரு கீரைக் காம்பை ஒடித்துப் போட்டார்கள். "சொல்லித்தான் இருப்பேன்" என்றார்கள். "ஆறு வருசத்துக்கு முந்தி சொல்லித்தான் இருப்பேன். இப்பம் அவளைப் பார்த்துட்டம்லா. பள்ளிக்கூடம் போறா, வீட்டப் பாக்கா, எனக்கு வவுத்து வலி வந்தப்ப ஆஸ்பத்திரில மூணு நாள் அவதான் கெடந்தா. அந்த மாத்திரையோடயா இவ்வளவும் செஞ்சா?"

"அந்த மாத்திரையாலதான் உம்மா."

குர்ஆன் ஓதின தண்ணீரும் தருவேன், அதையும் குடிக்கச் சொல் என்றார்கள். மாத்திரை, தண்ணீர் இரண்டையும் நீ சாப்பிடுவாய் என்று சொல்லிவிட்டேன். தப்பென்றால் மன்னித்துக்கொள்.

இன்னொன்று. நீ வைத்திருக்கிற நோட்டை லீவில் பார்த்தேன். எத்தனை மணி தூங்கினாய், எவ்வளவு தண்ணீர், கை எவ்வளவு நடுங்கியது, ஆறு வருடம், ஒரு நாள் விடாமல். கோடி ரூபாய் மெஷினுக்கு நாங்கள் போடுகிற பராமரிப்புப் பதிவுகூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது. இதை நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது.

அனஸ்


காயல்பட்டினம்
30 ஜனவரி 2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டிசம்பர் வெள்ளத்தில் நடந்ததைப் போனில் பாதிதான் சொன்னேன். உங்களால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாதபோது பயமுறுத்த மனம் வரவில்லை. இப்போது எல்லாம் சரியாகிவிட்டதால் மீதியை எழுதுகிறேன்.

ஒரே நாளில் அவ்வளவு மழை நம் ஊர் கண்டதில்லை. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை, தூத்துக்குடி ரோடு அறுந்து கிடந்தது. மருந்தை மாடிக்குக் கொண்டுபோய்விட்டோம். இரண்டாம் நாள் எனக்கு வயிற்றுப்போக்கு. குடித்த தண்ணீர் கெட்டுப்போயிருக்க வேண்டும். சாயங்காலம் கை நடுக்கம் மாறியது. எப்போதும் விரல் நுனியில்தான் நடுங்கும். அன்று தோளிலிருந்து உதறியது. லாத்தாவைக் கூப்பிட்டேன், நாக்கு குழறியது.

உடம்பில் தண்ணீர் குறைந்து மருந்து ஏறுகிறது என்று தெரிந்துகொண்டேன். அன்றைய மாத்திரையைச் சாப்பிடவில்லை. இப்படி ஆனால் நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்று டாக்டர் எழுதித் தந்திருந்தார். வருவதற்கு வழியில்லை. ஆறு வருடம் ஒரு வேளை விடாத மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று திரும்ப வைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கொதிக்கவைத்த தண்ணீரில் ஓஆர்எஸ் கலக்கி, கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று லாத்தா ஊற்றிக்கொண்டே இருந்தாள். காலையில் டிராக்டர் ஒன்று வந்தது. திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். டவர் வந்ததும் டாக்டர் ஜெயபிரியாவைப் பிடித்தேன். "சரியாச் செஞ்சிருக்கீங்க" என்று சொல்லி, எப்போது, எவ்வளவில் மறுபடி ஆரம்பிப்பது என்று சொன்னார். மருந்தில்லாத அந்த நாலு நாளும் எனக்கு மனம் கலையவில்லை.

நேற்று இதய ஸ்கேன். நான்கு அறையும் சரியாக இருக்கிறது. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் காட்டினார். லாத்தா அழுதாள். நான் அழவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன்.

துஆவுடன்,
அஃபீஃபா


காயல்பட்டினம், நம் வீடு, கீழே
9 ஜூன் 2024, காலை பத்து மணி

அன்பு அஃபீஃபா,

நீ மாடியில் தூங்குகிறாய். எழுப்பக்கூடாது. ஆனால் இதை இப்போதே சொல்லியாக வேண்டும், அதனால் எழுதுகிறேன். நாளை பள்ளி திறக்கிறது, ஜமீலா லாத்தா ரிஃப்காவின் பையை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். சின்னவன் அஃப்ஸல் என் இடது கையில். வலது கையால் எழுதுகிறேன்.

பிறந்த இரண்டு நாள் இவன் துவண்டு கிடந்தான். அழுகைகூட இல்லை. மருந்து அவன் உடம்பிலும் கொஞ்சம் இருக்கிறது, இறங்கிவிடும் என்று சொல்லிக் கண்ணாடி அறைக்குள் வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால், உன்னால்தானே என்று என் கண் சொல்லிவிடுமோ என்று பயந்தேன். நீயே சொன்னாய்: "நினைக்கிறத நினைச்சிக்கிடுங்க மச்சான். நானும் அதத்தான் நினைக்கேன். மூணாம் நாள் பாப்போம்." மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியே அதிர அழுதான்.

நான் எழுத வந்தது அது இல்லை. ஐந்தாம் நாளைப் பற்றி.

அன்று நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். அலமாரி முழுவதையும் இறக்கி அடுக்கினாய். பள்ளியில் அடுத்த வருடம் என்னென்ன செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டே போனாய். எனக்கு அழகாக இருந்தது. பழைய அஃபீஃபா வந்துவிட்டாள் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பேச்சை நடுவில் நிறுத்தினாய். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "மச்சான், எனக்குப் பேச்சு ரொம்ப வேகமா வருது. நேத்து ரெண்டு மணி நேரந்தான் தூங்கினேன், இப்பமும் தூக்கம் வரல. டாக்டருக்குப் போன் போடுங்க. நான் வேண்டாம்னு சொன்னாலும் போடுங்க" என்றாய்.

போட்டேன். டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ வேண்டாம் என்றாய். இரண்டு தடவை சொன்னாய், இரண்டாம் தடவை கோபமாக. நான் போனை வைக்கவில்லை. டோஸைக் கூட்டினார், தூக்கத்துக்கு ஒன்று சேர்த்தார். அன்று மாலையே உன்னைப் பார்த்தார். முதல் மூன்று நாள் கஷ்டமாக இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். நான்காம் நாள் ஏழு மணி நேரம் தூங்கினாய். நேற்று எட்டு.

அஃபீஃபா, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருந்துகொண்டு உனக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை விட மனமில்லாமல்தானே இருந்திருக்கும்? அதைக் கையில் வைத்துக்கொண்டே, இது என்னுடையது இல்லை என்று சொன்னாய். நான் உலகத்தில் நிறையப் பேரோடு வேலை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்து கன்டெய்னர் யார்டிலிருந்து நேற்று போன் வந்தது. ஜூலை முதல் தேதி சேரச் சொல்கிறார்கள். தமாமுக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன். உன் நிபந்தனைக் கடிதத்துக்குப் பிறகு உன்னைக் கேட்காமல் முடிவு செய்தது இது ஒன்றுதான், அதற்கு நீ திட்டலாம்.

உம்மா வந்திருக்கிறார்கள். பிள்ளைக்குத் தாய்ப்பால் இல்லையா என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். உனக்குக் கொடுத்த வாக்குப்படி நான் பதில் சொல்ல எழுந்தேன். அதற்குள் உம்மா சொல்லிவிட்டார்கள்: "அவ தூங்கணும். தூங்கினாத்தான் எங்களுக்கு அவ கிடைப்பா."

இவன் நெளிகிறான், பால் கலக்க வேண்டும். எழுந்ததும் இதற்குப் பதில் எழுதாதே. இறங்கி வா.

அனஸ்